கையில கிங் சோடி, எதிரில ப்ளஃப் அடிக்கிறவன்: திருப்பி அடிக்கிறதா, பொறுத்திருக்கிறதா?

கொழும்பில இருந்து ஒன்லைன் போக்கர் விளையாடுறவைக்குத் தெரியும், ஐரோப்பாக்காரர் சாப்பிட்டு முடிச்சு மேசைக்கு வாற நேரம் எங்களுக்கு நடுச்சாமம், லண்டனில வெயில் காலத்தில ராவு 8 மணியெண்டா இஞ்ச 12.30. அந்த நேரத்திலதான் எந்தக் கை வந்தாலும் ரெய்ஸ் போடுற (பந்தயத்தை ஏத்துற) ஆக்களும் வருவினம். நானும் என்ர கூட்டாளியும் வெள்ளவத்தையில ஒரே ரூமில இருந்து வேற வேற மேசையில விளையாடுறனாங்கள், 2 சதம் 5 சதம் ப்ளைண்ட் (சீட்டுப் பார்க்க முதலே ரெண்டு பேர் கட்டாயமாப் போடுற காசு), ஆளுக்கு 5 டொலர். எங்களுக்குள்ள திரும்பத் திரும்ப சண்டை வாற விஷயம் இதுதான்: கையில கிங் சோடி (ரெண்டு கிங்), முன்னால இருக்கிறவன் ப்ளஃப் அடிக்கிறவன் (வெறுங்கையோட காசு போட்டு வெருட்டுறவன்) மாதிரித் தெரியுது, அவன் 15 சதம் போட்டிருக்கிறான், இப்ப 50 சதத்துக்குத் திருப்பி ரெய்ஸ் போடுறதா, இல்லாட்டி சத்தமில்லாம கோல் பண்ணி (அவன் போட்ட அளவை மட்டும் போட்டு) அவனையே தொடர்ந்து அடிக்க (பந்தயம் போட) விடுறதா? அவன் சொல்லுவான் "பொறு மச்சான், அவனே கொண்டுவந்து தருவான்" எண்டு. நான் சொல்லுவன் இப்பவே போடு எண்டு.

அவன்ர பக்கத்தை முதல் சொல்லுறன், ஏனெண்டா அதில நியாயம் இருக்கு. கிங் சோடி 221 கைக்கு ஒருக்காத்தான் வரும், ஒரு மணித்தியாலம் காத்திருந்து வந்த கையை வச்சு ரெய்ஸ் போட்டு எதிராளி உடனே ஃபோல்ட் பண்ணிட்டு (சீட்டைக் கைவிட்டுட்டு) போனா வயிறு எரியும். கோல் பண்ணினா எங்கட கை வெளியில தெரியாது, அவனிட்ட இருக்கிற குப்பைக் கையெல்லாம் உள்ளுக்கேயே இருக்கும், ப்ளஃப் அடிக்கிறவன்ர காசு வாறது அந்தக் குப்பைக் கையிலயிருந்துதான். இது உண்மை.

ஆனா கணக்கை ஒருக்கா எழுதிப் பாருங்கோ. அவன்ர 15 சதத்தை நான் கோல் பண்ணி ப்ளைண்ட் ரெண்டும் ஃபோல்ட் எண்டா பொட் (நடுவில சேர்ந்த காசு) 37 சதம், ரெண்டு பேரிட்டயும் இன்னும் 4.85 டொலர் கிடக்கு. அதெல்லாம் உள்ளுக்கு வரோணுமெண்டா ஃப்ளொப் (மேசையில திறக்கிற முதல் மூண்டு பொதுச் சீட்டு), டேர்ன் (நாலாவது), ரிவர் (அஞ்சாவது) மூண்டிலயும் அவன் முழு பொட் அளவுக்கு அடிக்கோணும், அப்பிடி மூண்டு தரமும் அடிக்கிறவன் எத்தினை பேர்? நான் 50 சதத்துக்கு ரெய்ஸ் போட்டு அவன் கோல் பண்ணினா பொட் 1.07, மிச்சம் 4.50. இப்ப ஃப்ளொப்பில பாதி பொட், டேர்னில பாதி பொட், ரிவரில மூண்டில ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவு போட்டாலே ஸ்டாக் (ஆளிட்ட இருக்கிற காசு) முழுக்க உள்ளுக்கு. கையில சீட்டு ஒண்டுமே மாறேல்ல, முதல் சுற்றில 35 சதம் கூடப் போட்டதால கடைசியில நிக்கிற காசுதான் மாறுது.

அதோட பின்னால இருக்கிற ப்ளைண்ட்காரர். நான் கோல் மட்டும் பண்ணினா அவைக்கு மலிவான டிக்கெட், ரெண்டு பேர் மூண்டு பேரா ஃப்ளொப் பார்ப்பினம். ஏஸ் சோடிக்கே, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு கைக்கு எதிரா வெல்லுற வாய்ப்பு 85 வீதம், ரெண்டு கையெண்டா 73, மூண்டு கையெண்டா 64. ப்ளஃப் அடிக்கிறவனைப் பிடிக்கப் பொறிவச்சிட்டு, ப்ளஃப் அடிக்காத இன்னொருத்தனிட்ட ரெண்டு சோடிக்குக் குடுத்த கதை எனக்கே கனக்க இருக்கு. இன்னொண்டு, எல்லாக் கைக்கும் ரெய்ஸ் போடுறவன் திருப்பி ரெய்ஸ் போட்டவுடன லேசில ஃபோல்ட் பண்ணவும் மாட்டான், நான் பார்த்த அளவில அவங்களுக்கு அது மானப் பிரச்சினை, கோல் பண்ணுவாங்கள், சிலவேளை அதுக்கும் மேல ஏத்துவாங்கள்.

நேரா 5 டொலரையும் தள்ளி ஒல் இன் போடுறதைப் பற்றி நீட்டத் தேவையில்ல. 15 சதத்துக்கு எதிரா 5 டொலர் வச்சா குப்பையெல்லாம் ஃபோல்ட், ஏஸ் சோடியும் ஏஸ்-கிங்கும் அந்த மாதிரிக் கையளும்தான் கோல். டோர்னமென்டில பெரிய ப்ளைண்டின்ர பத்து மடங்கு காசு மட்டும் மிஞ்சி நிக்கேக்க அது சரியான ஆட்டம், அது வேற கதை.

ஃப்ளொப் விழுந்த பிறகுதான் நான் கூட்டாளியின்ர பக்கம் வாறன். கையில கிங் சோடி, மேசையில 9-6-2, மூண்டும் மூண்டு ஜாதி, அவன் அடிக்கிறான். இப்ப நான் ரெய்ஸ் போட்டா யார் நிப்பான் எண்டு யோசியுங்கோ: ஒண்டுமில்லாதவன் ஓடிடுவான், 9 வச்சிருக்கிறவன் கொஞ்சம் நிப்பான், மூண்டு ஆறோ மூண்டு ரெண்டோ வச்சிருக்கிறவன் சந்தோசமா நிப்பான். ஒண்டுமில்லாதவன்தான் எனக்குச் சம்பளம் தாறவன், அவனை நானே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுறன். இந்த மாதிரிக் காய்ஞ்ச (பெரிய கை சேர வழி குறைஞ்ச) மேசையில கோல், டேர்னிலயும் கோல், அவன் இன்னொரு குண்டையும் போடட்டும். ஆனா மேசையில ரெண்டு ஹார்ட்ஸ், 9-8 பக்கத்தில பக்கத்தில கிடந்தா பொறுமை வேண்டாம், நாலு ஹார்ட்ஸ் பிடிச்சிருக்கிறவனுக்கு ரிவருக்குள்ள அஞ்சாவது வந்து ஃப்ளஷ் (ஒரே ஜாதியில அஞ்சு சீட்டு) ஆகுற வாய்ப்பு கிட்டத்தட்ட 35 வீதம், அவனிட்ட அதுக்குக் காசு வாங்காம விடுறது பிழை. அப்ப ரெய்ஸ்.

எந்தச் சோடி எண்டதும் முக்கியம், நாங்கள் எல்லாரும் வழுகுற இடம் இதுதான். சின்ன வயசிலயிருந்து 304 எண்ட சீட்டாட்டம் அடிச்சு வளர்ந்த எங்களுக்கு ஜேக் எண்டா பெரியவன், 30 புள்ளி, அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம், கிங்குக்கு வெறும் 3. அந்தப் பாசத்தைப் போக்கரிலயும் தூக்கிக்கொண்டு வாறம். இஞ்ச ஜேக் சோடி வச்சிருந்தா ஃப்ளொப்பில அதை விடப் பெரிய சீட்டு ஒண்டாவது விழுற வாய்ப்பு 57 வீதம், குயின் சோடிக்கு 41, கிங் சோடிக்கு ஏஸ் விழுறது 22.6 தான். அதால பொறுத்திருக்கிற ஆட்டம் ஏஸுக்கும் கிங்குக்கும் தாங்கும், ஜேக்குக்குத் தாங்காது. ஜேக்கோட கோல் பண்ணிட்டுப் பொறி வச்சிருக்கிறன் எண்டு சொல்லுறவன் பாதிக்கு மேல நேரம் ஃப்ளொப்பைப் பார்த்துக் குழம்பிப்போய் இருப்பான்.

எனக்கு நடந்தது சொல்லுறன். ஒருத்தன் எனக்கு எதிரா ப்ளஃப் அடிச்சு வெண்டு சீட்டையும் திறந்து காட்டினான், 7-4. அந்தக் கோபம் ஆறல்ல. பத்து நிமிசத்தில எனக்கு ஜேக் சோடி, மேசையில ஏஸ், அவன் அடிக்கிறான், கோல், டேர்னில அடிக்கிறான், கோல், ரிவரில ஸ்டாக் முழுக்கத் தள்ளுறான், நான் யோசிக்கவே இல்ல, கோல். ஏஸ்-குயின் காட்டினான். அவன் ப்ளஃப் அடிக்கிறவன் எண்டது பிழையில்ல, ஆனா ப்ளஃப் அடிக்கிறவனுக்கும் மற்ற எல்லாரையும் போல நல்ல கை வரும். ஒரேயொரு 7-4 ஐ வச்சு அவன்ர மிச்ச கையெல்லாத்தையும் நான் தீர்மானிச்சிட்டன். இப்ப ஆளின்ர பேருக்குப் பக்கத்தில குறிப்பு எழுதிறன், திறந்து காட்டின சீட்டு என்ன, எந்தச் சுற்றில எவ்வளவு அடிச்சான் எண்டு. தொடர்ந்து அஞ்சு கை ரெய்ஸ் போட்டான் எண்டது சாட்சி இல்ல, அது சீட்டு நல்லா வந்ததாயும் இருக்கும். ரிவர் வரைக்கும் வெறுங்கையோட வந்து பிடிபட்டது ரெண்டு மூண்டு தரம் இருந்தா அதுதான் சாட்சி.

மற்றப் பக்கப் பிழையும் இருக்கு. 2003 உலக போக்கர் தொடரின்ர பிரதான போட்டியில 839 பேர் விளையாடி, ஒன்லைனில தகுதி எடுத்து வந்த க்ரிஸ் மனிமேக்கர் 25 லட்சம் டொலர் வெண்டார். கடைசியா மிஞ்சின ரெண்டு பேரா சாமி ஃபார்ஹாவோட இருக்கேக்க, நேர்வரிசையும் (தொடர்ச்சியா அஞ்சு சீட்டு) வராம ஃப்ளஷும் வராம வெறும் கிங் ஒண்டோட ரிவரில ஒல் இன் போட்டார். ஃபார்ஹாவிட்ட 9 சோடி இருந்தது, கனநேரம் யோசிச்சு ஃபோல்ட் பண்ணினார். சந்தேகம் இருந்தும் கோல் பண்ணாத கை அது. கோபத்தில கோல் பண்ணினது நான், பயத்திலயோ மரியாதையிலயோ விட்டது அவர், ரெண்டு பக்கத்திலயும் காசு போகுது.

அந்த இடத்தில முகம் பார்க்க ஏலாத எங்களுக்கு விலைதான் துணை. அவன் பாதி பொட் அடிச்சா நாலு தரத்தில ஒருக்கா அவன் பொய்யெண்டாலே கோல் பண்ணினா லாபநட்டம் சமன், முழு பொட் அடிச்சா மூண்டில ஒருக்கா, ரெண்டு மடங்கு அடிச்சா அஞ்சில ரெண்டு தரம். ஜேக்கோட நான் தோத்த அந்தக் கையில முழு பொட்டுக்கும் கொஞ்சம் கூட வந்தது, மூண்டு சுற்றும் ஏஸ் கிடக்கிற மேசையில அடிக்கிறவன் அந்த அளவுக்குப் பொய் சொல்லுவானா எண்டு கேட்டிருந்தா ஃபோல்ட் பண்ணியிருப்பன். நேரம் எடுக்கிறதைப் பார்த்து ப்ளஃப் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், எனக்கு அதில நம்பிக்கை குறைவு, மழைக்கு இன்டர்நெட் இழுபட்டா நானே 15 செக்கன் கழிச்சுத்தான் அமத்துறன், அதை யாரும் எப்பிடி வாசிப்பினம்?

ஃப்ளொப்புக்கு முதல் சுற்றில கூட்டாளிக்கு ஒரு இடம் மட்டும் விட்டுக்குடுத்திருக்கிறன். கையில ஏஸ் சோடி, எனக்குப் பின்னால இருக்கிற ரெண்டு ப்ளைண்ட்காரரும் இறுக்கமா விளையாடுறவை, முன்னால இருக்கிறவன் மூண்டு சுற்றும் விடாம அடிக்கிறவன் எண்டு என்ர குறிப்பிலயே எழுதியிருக்கு, நான் திருப்பி ரெய்ஸ் போட்டா மட்டும் அவன் ஃபோல்ட் பண்ணுறவன். அவனுக்கு 15 சதம் கோல். கிங் சோடியெண்டா அதே ஆளுக்கும் 50 சதம்தான், அதில இண்டைக்கும் எங்களுக்குள்ள சமாதானம் இல்ல.