வாட்ஸ்அப் குழுவா, கூகுள் கிளாஸ்ரூமா?

2020 பொதுமுடக்கத்தில் எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் பல வீடுகளுக்கு வாட்ஸ்அப் குழுதான் வகுப்பறை. எல்லாருக்கும் பழகியது, சரி. ஆனால் காலையில் போட்ட கணக்குப் பாடம் மதியத்துக்குள் நாற்பது ‘ஓகே மிஸ்’, நாலு பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் புதைந்துவிடும். நோட்டைப் படமெடுத்துச் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் போகும். பென்சில் எழுத்து என்றால் டீச்சர் கண்ணுக்குக் கேடு. பிள்ளையின் தப்பு விடையை எல்லாரும் பார்ப்பார்கள். அம்மாவின் போன் நம்பரும் அத்தனை பேர் கையில்.

2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணைய வகுப்பறையில் பாடங்களைத் தலைப்புவாரியாக அடுக்கலாம். கெடு தேதி தெரியும், விடை ஆசிரியருக்கு மட்டும் போகும். பாடத்துக்கு இதையே சொல்வேன்; வாட்ஸ்அப் குழு, அறிவிப்புக்குப் போதும். கிளாஸ்ரூமுக்குக் கூகுள் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லை நினைவில் வைப்பதுதான் ரோதனை. அப்புறம், இருக்கிற ஒரே போனையும் அப்பா வயலுக்கு எடுத்துப் போய்விட்டால் இரண்டும் ஒன்றுதான்.