அம்பாசடர் எஞ்சினை லேத்தில் விடப் போகிறவர்களே, என் 46,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு விடுங்கள்

46,000 ரூபாய். ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடிப்பது), கேம் புஷ் மாற்றியது, லைன் ரீமிங், அசெம்பிளி என்று பில்லில் வரிவரியாக எழுதிக் கையெழுத்தும் போட்டு வாங்கிய காசு. இன்று மத்தியானம் எஞ்சினைத் திரும்பப் பிரித்துப் பார்த்தபோதுதான் அதில் இரண்டு வரி சுத்தப் பொய் என்று தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் மாட்டுவார்.

வண்டி 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். மேற்கு வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் 2014-இல் உற்பத்தியே நின்றுபோனது, ஆகவே இந்த எஞ்சின் தெரிந்த கைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. அந்தப் பற்றாக்குறையைத்தான் சிலர் காசாக்குகிறார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வால்வுகளைத் திறக்க வைக்கிற தண்டுதான் கேம் ஷாஃப்ட். இன்றைய கார்களைப் போல இதில் அது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் இல்லை. பிளாக்குக்குள்ளேயே மூன்று புஷ்களில் (தண்டைத் தாங்குகிற உலோக வளையங்கள்) ஓடுகிறது. ஆயில் பம்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதிலிருந்துதான் சுற்றுகின்றன. மேலே வால்வுகளை அமுக்குகிற ராக்கர் ஆர்ம்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டுக்குப் போகிற ஆயிலும் கேம் புஷ்ஷில் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் ஏற வேண்டும். புஷ்ஷை அடித்து இறக்கும்போது அதன் ஓட்டையும் பிளாக்கின் ஓட்டையும் நேருக்கு நேர் வர வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் ஆயில் வழி அடைபடும். இறக்கிய பிறகு புஷ்ஷின் உள்துளை லேசாகச் சுருங்கும் என்பதால் மூன்றையும் ஒரே நேர்கோட்டில், நீளமான ஒரே ரீமரால் (துளையை அளவாக அறுக்கும் கருவி) அறுக்க வேண்டும், அதுதான் லைன் ரீமிங். கேமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு. இது கண்ணளவில் செய்கிற வேலை இல்லை.

இதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என்னிடம் விளக்கியதே அவர்தான்! எஞ்சின் ரீபோர் செய்கிற பெரிய லேத் பட்டறை, உள்ளே கிராங்க் கிரைண்டிங் மிஷின், வாசலில் லாரி பிளாக்குகள் வரிசையாக நிற்கும். பெயர் சொல்ல மாட்டேன், வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். முதல் நாள் போனபோது, "அம்பாசடரா? இந்த எஞ்சின்லதான் சார் நான் தொழிலே கத்துக்கிட்டேன்" என்றார். போர் கேஜை விட்டு நான்கு சிலிண்டரையும் அளந்து, பிளாக்கின் மேலேயே சாக்பீஸால் அளவை எழுதினார். பழைய கேம் புஷ்ஷின் உள்பூச்சை நகத்தால் கீறிக் காட்டி, "ஒயிட் மெட்டல் போயிடுச்சு பாருங்க, இதை மாத்தாம அசெம்பிள் பண்ணினா நான் தொழில்காரனே இல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். இப்படிப் பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? புஷ் செட்டைச் சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் தேடி நானே வாங்கி, பெட்டியோடு அவர் கையில் கொடுத்தேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அட்வான்ஸ் 20,000, டெலிவரியில் 26,000.

வண்டி ஸ்டார்ட் ஆனது. முதல் நாளே டேப்பட் சத்தம், அதாவது வால்வுப் பக்கம் டக் டக் என்று அடிக்கிற சத்தம். வால்வு இடைவெளியைச் சரியாக வைத்தும் போகவில்லை. போன் செய்தேன். "அம்பாசடர்னா டேப்பட் சத்தம் இருக்கத்தான் சார் செய்யும்" என்று சிரித்தார். சரி என்று விட்டேன். சத்தம் கூடியது. டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்தால் ராக்கர் ஆர்ம் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். "ஆயில் லைட் அணையுதா?" என்று கேட்டார். அணைகிறது என்றேன். "அப்புறம் என்ன சார், பிரஷர் இருக்கு. ரன்னிங்-இன் முடியட்டும், தானா செட் ஆயிடும்."

இந்த ஆயில் லைட் கதையைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த சுவிட்ச் பார்ப்பது பிளாக்கின் பிரதான ஆயில் வழியில் இருக்கிற அழுத்தத்தை. அதைத் தாண்டி மேலே ராக்கருக்குப் போகிற கிளை அடைபட்டிருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. லைட் அழகாக அணையும், மேலே இரும்பு இரும்பைத் தின்னும். தொழில்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

அப்புறம் வழக்கமான பாட்டுதான். ஓனர் வெளியூரில் இருக்கிறார், ஃபோர்மேன் லீவு, வண்டியைக் கொண்டுவாருங்கள் பார்க்கிறோம், கொண்டுபோனால் இன்று கரண்ட் இல்லை. ஒரு நாள் அங்கே இருந்த பையன், "வேற ஆயில் ஊத்திப் பாருங்க சார், இது திக்கா இருக்கு" என்று ஆலோசனை சொன்னான். 46,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு ராக்கர் ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்கத் தயாராக இல்லை.

கடைசியில் எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற ஒரு பழைய மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுப் பிரித்தோம். கேமை உருவியதும் டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, இங்க வா" என்றார், அவ்வளவுதான். ராக்கருக்கு ஆயில் போகிற புஷ் திரும்பிக் கிடக்கிறது. ஓட்டையில் பாதிக்கு மேல் மூடியிருக்கிறது, கம்பி விட்டால் நுனிகூட நுழையவில்லை. நடுப் புஷ் பழையது! எமரி தாள் போட்டுத் தேய்த்து அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் வாங்கிக் கொடுத்த புதுப் புஷ் எந்த வண்டியில் ஓடுகிறதோ. லைன் ரீமிங் என்று பில்லில் போட்டது? ரீமர் அந்தப் புஷ்களைத் தொட்டதே இல்லை, மூன்றிலும் கை ஸ்கிரேப்பரால் சுரண்டிய கோடுகள். கேமின் ஜர்னலில் (புஷ்ஷுக்குள் சுற்றுகிற பகுதி) கீறல் விழுந்துவிட்டது, ராக்கர் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. மேலேயிருந்து வடிகிற எண்ணெயில்தான் கேம் லோபும் (கேமின் மேடு) அது தள்ளுகிற ஃபாலோயரும் நனைய வேண்டும், அங்கேயும் குழி ஆரம்பித்திருக்கிறது. ஆக, 46,000 போனது மட்டுமில்லை, நன்றாக இருந்த கேமும் போனது.

போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "வேற ஆள் கை வச்சுட்டாங்க, இனி எங்க பொறுப்பு கிடையாது." அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

எஞ்சின் வேலை கொடுக்கும்போது கவனிக்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்:

கேம் உள்ளே போவதற்கு முன்னால் நீங்களே நேரில் நின்று, ஒவ்வொரு புஷ் ஓட்டையிலும் கம்பி விட்டுப் பாருங்கள். லைன் ரீமரைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள், வெளியே அனுப்பிச் செய்கிறோம் என்றால் எங்கே என்று கேளுங்கள். கேமை மட்டும் போட்டு விரலால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். பழைய புஷ் மூன்றையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், இது ரொம்ப முக்கியம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றி, டேப்பட் கவரைத் திறந்து வைத்து, செல்ஃப் அடித்து, ராக்கரில் எண்ணெய் வந்ததைப் பார்த்த பிறகே மீதிக் காசைக் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், போட்டோ, அந்த வாய்ஸ் மெசேஜ் மூன்றும் இருக்கின்றன, புஷ்களையும் பிளாக்கிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நோட்டீஸ் போகிறது. சென்னைப் பக்கம் இந்த எஞ்சினுக்கு உண்மையாகவே லைன் ரீமர் வைத்திருக்கிற பட்டறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நல்ல கேம் ஷாஃப்ட் ஒன்றும் வேண்டும்.