நாள்தோறும் ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எம்ஜிபி, ஆல்ஃபா ஸ்பைடர், போர்ஷே 911 எஸ்.சி. ஓர் ஒப்பீடு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அழகில் தொடங்கி, குதிரைத்திறனைத் தொட்டு, விலையில் வந்து நின்றுவிடுகிறது. வாரத்தில் நான்கைந்து நாள் மழையிலும் வெயிலிலும் வேலைக்குப் போய்வரவும், அவ்வப்போது நெடுந்தொலைவு செல்லவும் அப்படியொரு காரையே நம்பியிருக்க விரும்புகிறவருக்கு இவை மூன்றுமே இரண்டாம்பட்சம்தான். உடற்கூடு இன்னும் எத்தனை காலம் துருவைத் தாங்கும், தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடைக்குமா, எந்த வேலையைத் தன் கையாலேயே செய்துகொள்ளலாம், எந்த வேலைக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டிவரும் என்பவைதாம் அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். அந்தக் கேள்விகளை முன்வைத்து, இன்றும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று கார்களை இங்கே அலசுகிறேன். முதலாவது, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட எம்ஜிபி. இரண்டாவது, 1966-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 1990-களின் தொடக்கம் வரை நீடித்த ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். மூன்றாவது, போர்ஷே 911 வரிசையில் 1978 முதல் 1983 வரை வெளிவந்த எஸ்.சி.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். பழைய காரைக் குறைவாக ஓட்டினால் அது நெடுநாள் நிலைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு எதிரானது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் நின்ற இடத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகிவிடும். நெடுநாள் எண்ணெய் படாத சீல்கள் காய்ந்து வெடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் தொட்டியிலும் கார்ப்புரேட்டரிலும் தேங்கினால் ஈரத்தை ஈர்த்து, உலோகத்தை அரித்து, பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். எஞ்சினைச் சில நிமிடங்கள் மட்டும் இயக்கி நிறுத்தினால், உள்ளே படியும் நீர் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்துவிடும். வாரந்தோறும் எஞ்சின் முழுச் சூடேறும்வரை ஓடுகிற காருக்கு இந்தத் தொல்லைகள் மிகவும் குறைவு. ஆகவே அடிக்கடி ஓட்டுவதைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். ஆனால் அதற்குத் தோதான காரைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

இம்மூன்றையும் ஒப்பிடும்போது உடற்கூட்டுக்கே நான் முதலிடம் தருவேன். எஞ்சினைத் திரும்பக் கட்டிவிடலாம். அரித்துப்போன கூட்டைச் சீர்செய்வதற்குள் காரின் மீதான ஆசையே வடிந்துபோகும். எம்ஜிபி தனி அடிச்சட்டம் இல்லாத ஒற்றைக் கூட்டுக் கட்டுமானம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டித் தகடுகள், அதாவது சில்கள், பல அடுக்குகளாக அமைந்தவை. கூரையில்லாத வடிவத்தில் காரின் விறைப்பு பெரும்பாலும் இவற்றையே நம்பியிருக்கிறது. உள்ளடுக்கு அரித்திருக்க, அதன்மேல் ஒரு புதுத் தகட்டை ஒட்டி வண்ணம் அடித்து விற்கப்பட்ட வண்டிகள் ஏராளம். காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறுகிறதா என்று பார்ப்பது எளிய, நம்பகமான சோதனை. இடைவெளி குறுகினாலோ கதவு பிடித்துக்கொண்டாலோ அந்தக் கூடு தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆயினும் எம்ஜிபி-க்கு மற்ற இரண்டுக்கும் இல்லாத ஓர் ஆறுதல் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, 1988-இல் முழு உடற்கூட்டையே புதிதாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. உற்பத்தி நின்றுபோன ஒரு காருக்கு மீண்டும் புதுக்கூடு கிடைத்தது, பழைய கார்களைக் காக்க விழைபவர்கள் அனைவரும் நன்றியோடு நினைக்க வேண்டிய செயல் என்றே நான் கருதுகிறேன்.

ஸ்பைடரின் உடலைப் பினின்ஃபரினா வடிவமைத்துத் தயாரித்தது. மூன்றிலும் அழகானது எது என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன்; துருவுக்கு முதலில் இரையாவதும் இதுதான். சில்கள், தரைத்தகடுகள், பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் அமரும் குழி ஆகியவற்றில் தொடங்கும் அரிப்பு மேலே தெரியும் முன்பே உள்ளே பரவியிருக்கும். சீர்செய்வது என்றால் பகுதி பகுதியாகத் தகட்டை வெட்டிப் புதிதாகப் பற்றவைப்பதுதான் வழி. ஆகவே ஸ்பைடர் வாங்குவோர், எஞ்சின் சோர்ந்திருந்தாலும் பரவாயில்லை, கூடு திடமாக இருக்கும் வண்டியையே தேட வேண்டும். 911-இன் நிலை வேறு. 1976 மாடலிலிருந்து அதன் கூட்டுக்கு இருபுறமும் துத்தநாகம் பூசப்பட்ட எஃகுத் தகடு பயன்பட்டது, எஸ்.சி. முழுவதும் அந்தக் காலத்துக்குப் பிறகு வந்தது. திறந்த வெளியில் நிறுத்தவேண்டிய கட்டாயம் உள்ளவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் துத்தநாகம் துருவைத் தள்ளிப்போடுமே தவிர ஒழித்துவிடாது. விபத்துக்குப் பின் வெட்டி ஒட்டிய இடங்களிலும், முன்புறப் பெட்ரோல் தொட்டியைச் சுற்றியும், கதவுப் பூட்டுத் தூணின் அடிப்பகுதியிலும் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

தன் கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு எம்ஜிபி-யை மிஞ்சியது இல்லை. அதன் 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது; ஏறத்தாழ 95 குதிரைத்திறன் தரக்கூடியது; புஷ்ராட் எனும் தள்ளுகம்பிகள் மூலம் வால்வுகளை இயக்குவது. பானெட்டைத் திறந்தால் ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், கார்ப்புரேட்டர் எல்லாமே எட்டும் தொலைவில் இருக்கும். வால்வு இடைவெளியைச் சரிபார்க்க மேல்மூடியைக் கழற்றி, இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு எஸ்யு கார்ப்புரேட்டர்களும் ஒரே அளவில் காற்றை இழுக்குமாறு சமன்செய்வது, ஒருமுறை பொறுமையாகக் கற்றுக்கொண்டால் பின்னர் மறக்காத வேலை. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளான கிங்பின்களுக்கு மட்டும் 3000 மைலுக்கு ஒருமுறை தவறாமல் கிரீஸ் செலுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் ஸ்டீயரிங் கனத்துவிடும். ஈயம் இல்லாத பெட்ரோலில் தேய்ந்துபோகாமலிருக்க, சிலிண்டர்களை மூடும் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடங்களில் கடினப்படுத்திய வளையங்கள் பதிக்கப்பட்டுள்ளனவா என்று விசாரிப்பதும் அவசியம். தீப்பொறியை இயக்கும் பழைய பாயின்ட், கண்டென்சருக்குப் பதிலாக மின்னணு இக்னிஷனைப் பொருத்திக்கொண்டால், காலையில் கிளம்பாமல் நிற்கும் தொல்லை பெருமளவு நீங்கும். நாள்தோறும் ஓட்டும் காரில் இந்த மாற்றத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய பாகங்களை ஒரு பெட்டியில் எடுத்துவைத்தால் வேண்டியபோது திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.

ஸ்பைடரின் எஞ்சின் வேறொரு தரத்தைச் சேர்ந்தது. அலுமினிய உடல், சங்கிலியால் சுழன்று வால்வுகளை இயக்கும் இரட்டைக் கேம்ஷாஃப்ட், 1570 சிசியில் தொடங்கி 1962 சிசி வரை வளர்ந்த வரிசை, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஐந்து கியர். அதிகச் சுழற்சியில் அது எழுப்பும் ஓசைக்காகவே இந்தக் காரை வைத்திருப்பவர்களை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். அது கேட்கும் கவனிப்பு சற்று நுணுக்கமானது. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம்கள், அதாவது சிறு தகடுகள், வால்வைத் தள்ளும் டேப்பெட்டுக்கு அடியில் இருப்பதால், அவற்றை மாற்றக் கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும். ஒருமுறை சரியாக அமைத்தால் நெடுங்காலம் மாறாது என்பது இதற்கு ஈடு. ஹெட் கேஸ்கட்டில் எண்ணெய் வழிகளைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் வளையங்கள் தளர்ந்தால் எண்ணெய் கசியத் தொடங்கும். இரண்டாம் கியரின் சிங்க்ரோ (கியர் உரசாமல் இணைய உதவும் வளையம்) இந்த வண்டிகளில் பொதுவாகவே மெலிந்தது. கியர் பெட்டி சூடாகும்வரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கிளட்சை இருமுறை மிதிக்கப் பழகிக்கொள்வது நல்லது. அமெரிக்கச் சந்தைக்குப் போன வண்டிகளில் பல ஆண்டுகள் ஸ்பிகா இயந்திர எரிபொருள் செலுத்தி இருந்தது. அதை அறிந்த மெக்கானிக் அருகில் இருந்தால் அருமையாக ஓடும். இல்லையென்றால் இரட்டை வெபர் கார்ப்புரேட்டர் உள்ள வண்டியோ, 1980-களின் பாஷ் மின்னணுச் செலுத்தி உள்ள வண்டியோதான் தக்கது.

911 எஸ்.சி.-யின் 2994 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. ரேடியேட்டரோ, தண்ணீர்க் குழாயோ, தண்ணீர்ப் பம்போ இல்லாததால் பழைய கார்களை நடுவழியில் நிறுத்தும் காரணங்களில் ஒரு முழுத் தொகுதியே இங்கே இல்லை. இதற்கு முந்தைய 2.7 லிட்டர் எஞ்சின்களின் மெக்னீசியக் கிராங்க்கேஸில், அதாவது எஞ்சினின் அடிக்கூட்டில், ஹெட்டைப் பிணைக்கும் திருகுக் கம்பிகளான ஸ்டட்கள் இழுபட்டுப் பெயர்ந்து வருவது பரவலாக இருந்தது, எஸ்.சி.-க்கு அலுமினியக் கிராங்க்கேஸ் வந்த பிறகு எஞ்சின் பெரிதும் உறுதிப்பட்டது. முழுக் குறையின்மை இதற்கும் இல்லை. எக்ஸாஸ்ட் பக்கத்து ஸ்டட்கள் முறியக்கூடும். கேம்ஷாஃப்ட் சங்கிலியைத் தளராமல் வைத்திருக்கும் இறுக்கிகள் செயலிழந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் கெட்டுவிடும். அடுத்து வந்த 3.2 கரேராவின், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இறுக்கிகளைப் பொருத்திக்கொள்வது இதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட தீர்வு. குளிர்ந்த நிலையில் பின்வெடிப்பு நேர்ந்தால் கே-ஜெட்ரானிக் எரிபொருள் செலுத்தி அமைப்பின் பிளாஸ்டிக் காற்றுப்பெட்டி பிளந்துவிடும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்றைப் பொருத்துவது வழக்கம். எண்ணெயின் அளவை எஞ்சின் நன்கு சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டுக் கூடுதலாக ஊற்றுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. எண்ணெய் மாற்றும்போது 10 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். கிளட்ச் மாற்ற எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்த்தே இறக்க வேண்டும். வீட்டுக் கொட்டிலில் அது முடியாது என்றில்லை; ஆனால் எம்ஜிபி-யில் பழகிய கைக்கு அது மிகப் பெரிய தாவல்.

சாலையில் இவை நடந்துகொள்ளும் விதத்தில் விவாதத்துக்கு அதிக இடமில்லை. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடவேண்டும் என்றால் 911 மற்ற இரண்டையும் எளிதாக விஞ்சுகிறது; பிரேக், நிலைத்தன்மை, வேகம் எல்லாவற்றிலும் இன்றைய போக்குவரத்தோடு இணைந்து செல்லக்கூடியது அது ஒன்றே. ஆனால் எஞ்சின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், ஈரமான வளைவில் நடுவழியில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்புறம் சுழன்று வரும் என்பதை ஓட்டுநர் எந்நாளும் மறக்கக்கூடாது. ஸ்பைடருக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு. வளைவுகளில் இதன் இசைவு தனி இன்பம். எம்ஜிபி-யின் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரும் பின்புற இலை வில்லும் மேடுபள்ளத்தில் முரடாகவே இருக்கும். எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பான ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபி நெடுஞ்சாலையில் எஞ்சின் இரைச்சலால் களைப்பூட்டும். ஓவர்டிரைவ் உள்ள வண்டியை மட்டுமே வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

மூன்றில் எதை வாங்கினாலும் டயரின் ஓரத்தில் பதிந்துள்ள வாரம், ஆண்டு குறியீட்டைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. பழைய காருக்கெனத் தரப்படும் காப்பீடுகள் பலவற்றில் ஆண்டுக்கு இத்தனை தொலைவுதான் என்ற வரம்பு இருக்கும். நாள்தோறும் ஓட்டுகிறவர் கையொப்பமிடும் முன் அதைப் படித்துவிட வேண்டும்.

டாட்சன் 240இசட்-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அதன் 2393 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின் மிக உறுதியானது. ஆனால் துருவேறாத கூட்டைக் கண்டடைவது அவ்வளவு கடினம் என்பதால், வாங்கிய மறுநாளே ஓட்ட விரும்புகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-உம் இப்போது பழைய காராகிவிட்டது. தொல்லையே வேண்டாம், இரண்டு இருக்கையும் திறந்த கூரையும் போதும் என்பவருக்கு அதுவே சரியான விடை.

ஸ்பேனர் பிடிக்க விருப்பமும் வார இறுதியில் சில மணி நேரமும் உள்ளவருக்கு என் தேர்வு எம்ஜிபி. அதிலும் 1967-இன் இறுதியில் நெகட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் எதிர்முனையைக் கார் உடலோடு இணைக்கும் முறை) ஆல்டர்னேட்டரும் வந்த பிறகு, 1974-இல் ரப்பர் பம்பரோடு காரின் உயரம் கூட்டப்படுவதற்கு முன் தயாரானது. வேலையை நல்ல பட்டறையிடம் ஒப்படைத்துவிட்டு நெடுந்தொலைவு ஓட்ட விரும்புகிறவர், அந்தச் செலவைத் தாங்க முடியுமானால், இறுக்கிகள் மாற்றப்பட்டு, பராமரிப்பு ஆவணங்களோடு வரும் எஸ்.சி.-யை வாங்கலாம். ஸ்பைடரைத் தேர்ந்தெடுப்பவர் காருக்குத் தரும் முதல் ஆண்டுச் செலவை எஞ்சினுக்கல்லாமல் கூட்டின் உட்புறத் துருத்தடுப்புக்கு ஒதுக்கட்டும். அதன்பின் அந்த எஞ்சின் தன்னைத்தானே கவனிக்கவைத்துவிடும்.