பழைய மோட்டார் படகின் பெட்ரோல் தொட்டி: அலுமினியமா, பாலிஎத்திலீனா?

தளத்துக்கு அடியில் நுரை நிரப்பிப் பதிக்கப்பட்ட அலுமினியத் தொட்டிகளோடு வந்த பழைய அமெரிக்கக் கண்ணாடியிழைப் படகுகளில், அந்த நுரைக்கும் உலோகத்துக்கும் இடையே தங்கிவிடும் உப்புநீர், காற்றுப்படாத தகட்டை மெல்ல அரித்து ஊசித்துளைகளை உண்டாக்குகிறது. ஒட்டுப்போட்டாலும் அடுத்த துளை வேறிடத்தில் தோன்றும் என்பதால், தொட்டியை மாற்றிவிடுவதே சரி.

செலவு: அலுமினியத் தொட்டியை அளவெடுத்துச் செய்விக்க வேண்டியிருப்பதால் பணம் கூடுதலாகும். பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன தொட்டி ஆயத்த அளவுகளில் மலிவாகக் கிடைக்கிறது.

ஆயுள்: அலுமினியம் நீடிக்க வேண்டுமானால் கடல்நீர் அரிப்பைத் தாங்கும் 5052 அல்லது 5083 எண் அலுமினியக் கலப்புலோகத் தகடும், நுரைக்குப் பதிலாக நீர் வடிந்து காற்று உலவும் இடைவெளியும் வேண்டும். பாலிஎத்திலீன் துருப்பிடிப்பதில்லை.

பொருத்துதல்: பாலிஎத்திலீன் பெட்ரோலை உறிஞ்சிச் சற்றே உப்புவதால், இறுக்கிப் பொருத்தாமல் சுற்றிலும் இடம் விட வேண்டும், இதை மறப்பவர்கள் பலர்.

கொள்ளளவு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்பவருக்குப் பாலிஎத்திலீனையே பரிந்துரைப்பேன். படகின் கோணலான அடிப்பகுதியை முழுவதும் பயன்படுத்த வேண்டியவருக்கு அலுமினியமே பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியிலேயே தேங்கும் என்பதால், அதை முற்றிலும் வெளியேற்றிய பிறகே தளத்தை அறுக்கத் தொடங்குங்கள்.