லிமாவில் ஒரே ஒரு பகல்: பழைய நகரமா, கடலோரமா?

மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் பலருக்கும், அதற்கு வாசலான கூஸ்கோ நகரத்து விமானத்துக்கு முன்போ பின்போ, பெருவின் தலைநகர் லிமாவில் ஒரு பகல் மிஞ்சும். அதை எங்கே செலவிடுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, 1535இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ நிறுவிய பழைய நகரம். ஊர்க்காரர்கள் 'சென்ட்ரோ' என்பார்கள். மற்றது, அங்கிருந்து தெற்கே எட்டு, ஒன்பது கிலோமீட்டரில் பசிபிக் கடலைப் பார்த்து நிற்கும் மிராஃப்ளோரெஸ், பராங்கோ பகுதிகள். இரண்டையும் முழுதாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் போக்குவரத்து நெரிசல் பாதி நாளைத் தின்றுவிடும். ஒன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பதே நல்லது. எதை என்று முடிவு செய்வதில் முதல் வாக்கு மாதத்துக்கு.

ஜூன் முதல் அக்டோபர் வரை லிமா வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அந்த வானத்தை 'கழுதை வயிறு' என்றே அழைக்கிறார்கள். ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையை ஒட்டிய காற்றைக் குளிர வைக்க, அதற்கு மேலுள்ள வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் மேகத்தைக் கலைய விடாமல் பிடித்து வைக்கிறது. மழை என்று எதுவும் பெய்யாது. 'கரூவா' என்ற பொடித் தூறல் சட்டையை ஈரமாக்கும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் கடலோரத்துக்குப் போனால் சூரிய அஸ்தமனமும் இல்லை, அடிவானமும் இல்லை. அப்போது சென்ட்ரோவே சரி. டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை வெயில் தெளிவாக அடிக்கும். அப்போது கடலோரத்தின் கை ஓங்கும்.

சென்ட்ரோ: காலையின் ஊர்

மிராஃப்ளோரெஸில் தங்கியிருந்தால் மெட்ரோபொலித்தானோ பேருந்தில் ஏறுங்கள். தனித்தடத்தில் ஓடுவதால் நெரிசலில் சிக்காது. உள்ளே காசு வாங்க மாட்டார்கள். நிலையத்தில் அட்டை வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டி இரண்டு மூன்று பேர் போகலாம். நிலத்தடியில் இருக்கும் எஸ்தாசியோன் சென்ட்ரால் நிலையத்தில் இறங்கி, சான் மார்ட்டின் சதுக்கம் வழியாக, ஹிரோன் தே லா உனியோன் என்ற நடைபாதைத் தெருவைப் பிடித்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முதன்மைச் சதுக்கமான பிளாசா மயோர். வழியில், பெருவின் விடுதலைத் தளபதி சான் மார்ட்டினின் சிலைக்குக் கீழே, தாய்நாட்டின் உருவகமாக நிற்கும் பெண்ணின் தலையை உற்றுப் பாருங்கள், ஒரு குட்டி லாமா உட்கார்ந்திருக்கும். ஸ்பானிய மொழியில் 'யாமா' என்றால் தீச்சுடர் என்றும் பொருள், அந்த விலங்கு என்றும் பொருள். சுடர் கேட்டதற்குச் சிற்பி விலங்கைச் செதுக்கிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

பிளாசா மயோரின் வெண்கல நீரூற்று 1651க்கு உரியது. கதீட்ரலுக்குள் பிசாரோவின் கல்லறை. நண்பகலில் அரசு மாளிகை முற்றத்தில் காவலர் மாற்றம். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஏதாவது போராட்டம் அறிவித்திருந்தால் காவல்துறை சதுக்கத்தையே அடைத்துவிடும். அப்படி அடைத்திருந்தால் காத்திருக்காமல் சான் பிரான்சிஸ்கோ மடத்துக்கு நடந்துவிடுங்கள்.

சென்ட்ரோவில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் அந்த மடத்தைத்தான் பார்க்க வேண்டும். தேவாலயத்துக்கு அடியில் செங்கல் வளைவுகளுக்குக் கீழே பழைய இடுகாடு. சுமார் 25,000 பேரை அங்கே புதைத்திருக்கலாம் என்பது கணிப்பு. எலும்புகளை வகை பிரித்து, ஒரு கிணற்றுக் குழியில் வட்ட வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், படம் எடுக்கக் கூடாது. கூரை தாழ்வு, காற்று குறைவு. நெருக்கடியான இடத்தில் மூச்சு முட்டுபவர்கள் மேலே உள்ள நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கிருந்து ஹிரோன் உக்காயாலிக்கு வந்து கிழக்கே நடந்தால் இரண்டு காரியம் ஒன்றாக முடியும். வழியில் 1735இல் கட்டிய தோரே தாக்லே மாளிகை. இப்போது வெளியுறவு அமைச்சகத்தின் வசம் இருப்பதால், அதன் செதுக்கு மரப் பால்கனிகளைத் தெருவில் நின்றே பாருங்கள். அதே தெரு நேராகப் போய்ச் சேரும் இடம் சீனர் தெருவான காயே கப்போன். 1849 முதல் 1874 வரை சுமார் ஒரு லட்சம் சீனர்கள் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கும் பறவை எச்ச உரம் வெட்டும் குவானோ தீவுகளுக்கும் கூலிகளாக வந்தார்கள். அவர்கள் சமைத்ததும் பெருவில் கிடைத்ததும் கலந்து உருவானதே 'சீஃபா' உணவு. இஞ்சியை இன்றும் லிமாவில் 'கியோன்' என்பார்கள். கான்டன் சீனத்திலிருந்து வந்த சொல். கொதிக்கும் சட்டியில் வதக்கிய சாவ்ஃபா சோறும், மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளியைச் சோயா சாற்றில் புரட்டி, வறுத்த உருளைக்கிழங்கோடு தரும் லோமோ சல்தாதோவும் இங்கே மதியச் சாப்பாடு.

ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஆறுக்கு மேல் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. கடைகள் மூடியபின் பக்கத் தெருக்களும் வெறிச்சோடிவிடும். எந்நேரமானாலும் சாலையோரம் நின்று கைபேசியை நீட்டிப் பிடிக்க வேண்டாம், பறித்துக்கொண்டு ஓடுவது சகஜம்.

கடலோரம்: வயிற்றின் ஊர்

வரலாற்றில் கடலோரம் ஒன்றும் இளையது அல்ல. மிராஃப்ளோரெஸ் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் உவாக்கா புக்யானா, கி.பி. 200 முதல் 700 வரை செழித்த லிமா பண்பாட்டு மக்கள் எழுப்பிய மண்கல் பிரமிடு. சிறு மண்கற்களை அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல் நிமிர்த்தி, இடையே இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் கற்கள் சற்றே அசைந்து கொடுக்கும், சுவர் விழாது. ஒரு மணி நேரச் சுற்று போதும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, சென்ட்ரோவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அங்கிருந்து அரை மணி நடந்தால் சுர்க்கீயோ சந்தை. லூக்குமா, சிரிமோயா, கிரனதீயா ஆகிய பழங்களை முழுதாக வாங்கி நீங்களே உரித்துச் சாப்பிடுங்கள்.

கடலோரத்தைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் செபிச்சே. ஒரு மணிக்குள் போய் உட்காருங்கள். காலையில் வந்த மீனை மதியத்துக்குள் தீர்ப்பது வழக்கம் என்பதால் பெரும்பாலான செபிச்செரியாக்கள் நான்கு, ஐந்து மணிக்கு மூடிவிடும். பச்சை மீன் துண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, சிவப்பு வெங்காயம், அஹீ லீமோ மிளகாய். பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளி, பெருமணிச் சோளம். முன்பு மணிக்கணக்கில் ஊறவிட்டார்கள். ஜப்பானிய வம்சாவளிச் சமையல்காரர்கள் அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தார்கள். நல்ல துண்டின் ஓரம் வெளுத்திருக்கும், நடுப்பகுதி கண்ணாடிபோல் இருக்கும். முழுதும் வெளுத்து மாவாக உதிர்ந்தால் நெடுநேரம் ஊறியது. சாறு கசந்தால் எலுமிச்சையைத் தோல்வரை பிழிந்திருக்கிறார்கள்.

பிறகு மலெக்கோன் நடை. செங்குத்தான பாறைமேல் பூங்கா பூங்காவாகப் போகும் பாதை. 1993இல் திறந்த பார்க்கே தெல் அமோரில், முத்தமிடும் இணையின் பெருஞ்சிலை. அங்கிருந்து டாக்சியில் பராங்கோ. டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் கட்டணம் பேசுங்கள் அல்லது செயலியில் அழையுங்கள். பராங்கோவில் பெருமூச்சுப் பாலத்தைக் கடந்து, பஹாதா தே பாஞ்ஞோஸ் சரிவில் கடல் தெரியும் இடம்வரை இறங்குங்கள். ஜனவரியில் ஆறரைக்குச் சூரியன் மறையும்.

இருட்டியபின் ஆண்டிகூச்சோ: அஹீ பான்கா மிளகாய், வினிகர், பூண்டு, சீரகத்தில் ஊறிய மாட்டு இதயத் துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுடுவார்கள். அதிகம் சுட்டால் ரப்பர். வரிசை நிற்காமல் நகரும் வண்டியைத் தேடுங்கள், அங்கே கறி அடுப்பில் காத்துக் கிடக்காது. கடைசியில் பிகரோனெஸ்: பூசணியும் சர்க்கரைவள்ளியும் கலந்து புளிக்கவைத்த மாவை நம் உளுந்து வடைபோல் நடுவில் ஓட்டை போட்டுப் பொரித்து, சன்காக்கா என்ற வெல்லப் பாகு ஊற்றித் தருவார்கள். கண்முன் பொரித்ததை மட்டும் வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

சைவக்காரர்களுக்குச் சென்ட்ரோ மேல். சீஃபாவில் காய்கறிச் சாவ்ஃபா கிடைக்கும். முட்டை வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் கேட்டால் கோழி வந்துவிடும், அவர்கள் கணக்கில் 'கார்னே' பெரும்பாலும் மாட்டிறைச்சி. 'சின் பொயோ, சின் பெஸ்காதோ' (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் பாப்பா அ லா உவன்காயீனா கிடைக்கும்: வேகவைத்த உருளைக்கிழங்குமேல் பாலாடைக்கட்டியும் அஹீ அமரீயோ மிளகாயும் அரைத்த மஞ்சள் குழம்பு. நம் ஊருக்கு மிளகாய் வந்ததும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்துதான். ஆனால் இது வேறு இனம், காரத்தைவிடப் பழவாசம் தூக்கலாக இருக்கும்.

இரண்டையும் கலந்தே தீருவேன் என்பவர்கள் காலையில் சென்ட்ரோ, மாலையில் கடல் என்றே வரிசைப்படுத்துங்கள். ஒன்பது மணிக்கு மடம், பதினொன்றரைக்குத் திரும்பும் பேருந்து, ஒரு மணிக்குச் செபிச்சே. காவலர் மாற்றத்தையும் சீஃபாவையும் விட்டுவிட வேண்டியதுதான்.