ஜம்புத்தீவுப் பிரகடனம்: சட்டம் போட்ட ஏ3 அச்சு, வாங்கலாமா?

ஜம்புத்தீவு என்பது இந்தியாவின் பழம்பெயர். வெள்ளையரை எதிர்த்து எல்லாரும் திரளும்படி மருது பாண்டியர் 1801 ஜூன் 16-இல் விடுத்த பிரகடனத்தை ஏ3 தாளில் அடித்து, தேக்கு நிறச் சட்டத்தில் விற்கிறார்கள். தாள் நல்ல கனம், எழுத்தும் பிசிறில்லாமல் விழுந்திருக்கிறது. பெரிய குறை வாசகத்தில்தான்.

பிராமணர் முதல் முஸ்லிம்கள் வரை எல்லாரையும் விளிக்கும் தொடக்கம் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி ஐரோப்பியருக்கு இடங்கொடுத்து விதவைபோல ஆனதும், அவர்கள் ஜனங்களை நாயாக நடத்துவதும் உண்டு. பின்னால் வர வேண்டிய சாபங்களைத்தான் காணோம். வெள்ளையனுக்குப் பணிகிறவனின் மீசையை மருது எதற்குச் சமம் என்றார் என்பதை வரவேற்பறையில் மாட்ட முடியாதுதான். ஆனால், இதை எழுதிப் பரப்பாதவனுக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம், முஸ்லிமானால் பன்றி ரத்தம் குடித்த பாவம், சுவரிலிருந்து எடுப்பவனுக்குப் பஞ்சமாபாதகம் என்ற வரிகளை எப்படி வெட்டலாம்? ஒட்டப்பட்டது திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனைக்குப் போகும் வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்கள் கிழிப்பதற்குள் நாலு பேராவது நகலெடுத்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தச் சாபம். இந்த அச்சின் அடியிலோ, 'அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது' என்று பொடி எழுத்து!

மேலே கட்டபொம்மன் படம் எதற்கு? அவரை 1799 அக்டோபர் 16-இலேயே கயத்தாறில் தூக்கிலிட்டுவிட்டார்கள். இருக்க வேண்டியவர் அவர் தம்பி ஊமைத்துரை. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபின் மருதுவிடம் வந்து சேர்ந்தார். மூன்று வாரத்தில் பிரகடனம்.

பழசாகக் காட்ட ஓரத்தைக் கருக்கியிருக்கிறார்கள். எழுத்தோ இன்றைய கணினி எழுத்து. அக்காலக் கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி வைப்பது அபூர்வம்; 'கெ'வுக்கும் 'கே'வுக்கும் ஒரே கொம்புதான். 'அசல் நகல்' என்ற அட்டையை எடுத்துவிட்டால் சண்டையில்லை.

கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். சட்டமில்லாமல் சுருளாக வாங்கி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 2 மி.மீ. மவுண்ட் அட்டை வைத்து நீங்களே சட்டம் போடுங்கள். பின்பலகையின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினால் பூச்சி நுழையாது. வெயில் விழும் சுவர் வேண்டாம், சாயம் வெளுக்கும். மவுண்ட் அட்டையில் அடிப்பக்கம் மட்டும் 3 அங்குலம் விட்டால், வெட்டிய வரிகளைக் கையால் எழுதிச் சேர்க்க இடம் கிடைக்கும்.