முதலில் யார் பேசுவது? வணிகச் சாட்பாட்டுக்கு நான்கு தளங்கள்

வணிகத்துக்குச் சாட்பாட் (தானாகவே உரையாடும் நிரல், சுருக்கமாகப் பாட்) கட்டப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்த நிரல்மொழி, எந்த லைப்ரரி என்பதில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. பைத்தானோ நோடோ, செய்தியை வாங்கிப் பதில் அனுப்பும் அடிப்படை நிரல் அரை நாள் வேலை. பின்னால் மாற்றவே முடியாதது வேறொன்று: உரையாடலை முதலில் தொடங்கும் உரிமை யாருக்கு என்பது. டெலிகிராம், வாட்ஸ்அப், ஸ்லாக், டீம்ஸ் நான்கும் இதற்கு வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன. செலவும் கோளாறுகளும் பெரும்பாலும் அந்தப் பதிலிலிருந்தே கிளைக்கின்றன.

டெலிகிராம்: வாடிக்கையாளர்தான் தொடங்க வேண்டும்

இருப்பதிலேயே சுலபமான தொடக்கம் இங்கேதான். பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் புதிய பாட் கேட்டுப் பெயர் கொடுத்தால் டோக்கன் (கடவுச்சொல் போன்ற சாவி) கையில். கட்டணமில்லை, ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்வரை அவருக்கு ஒரு எழுத்துகூட அனுப்ப முடியாது. கையில் பத்தாயிரம் தொலைபேசி எண்கள் இருந்தாலும் பயனில்லை. ஆகவே ரசீதிலும் இணையதளத்திலும் பாட் இணைப்பைக் கொடுத்து வரவழைக்க வேண்டும். அந்த இணைப்பின் வாலில் 64 எழுத்துகள்வரை ஒரு குறியீடு சேர்க்கலாம். ஆர்டர் எண்ணை அங்கே வைத்தால், உள்ளே வந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

ஒருமுறை அழுத்திவிட்டால், அவர் தடுக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். வேகத்துக்கு மட்டும் வரம்பு: மொத்தமாக நொடிக்குச் சுமார் 30 செய்திகள், ஒரே உரையாடலில் நொடிக்கு ஒன்று, ஒரே குழுவில் நிமிடத்துக்கு 20. மீறினால் 429 பிழை வரும், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அந்த எண்ணை மதிக்காமல் சுழற்சியில் மறுபடி மறுபடி முயல்வதுதான் வழக்கமான தவறு.

செய்திகளைப் பெற இரண்டு வழிகள். நம் நிரலே போய்க் கேட்டு வாங்கும் போலிங் முறைக்குப் பொது முகவரி தேவையில்லை, மடிக்கணினியிலேயே ஓடும். செய்தி வந்ததும் டெலிகிராமே நம் முகவரிக்கு அனுப்பிவைக்கும் வெப்ஹூக் முறைக்கு ஹெச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். அதன் போர்ட் (இணைப்பு வாயிலின் எண்) 443, 80, 88, 8443 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு முறைகளையும் சேர்த்து ஓட்ட முடியாது. 409 பிழை கண்டால், அதே டோக்கனோடு பழைய பிரதி ஒன்று எங்கோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெறப்படாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. சனிக்கிழமை காலையில் விழுந்த சர்வரைத் திங்களன்று எழுப்பினால், சனிக்கிழமை வந்த ஆர்டர்கள் போனதுதான்.

தமிழில் கட்டுகிறவர்கள் தவறாமல் இடறும் இடம் பட்டன். பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தரவுக்கு 64 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போய்விடும். ‘முகவரி மாற்று’ என்பதற்கே 37 பைட். எனவே பட்டனில் சிறு குறியீட்டை மட்டும் வைத்து, மற்றதைத் தரவுத்தளத்தில் வையுங்கள். பட்டன் அழுத்தப்பட்டதும் அந்த அழுத்தத்துக்குத் தனியாக ஒரு பதில் அனுப்ப வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அனுப்பாவிட்டால் வாடிக்கையாளர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவரும் அழுத்திக்கொண்டே இருப்பார்.

வாட்ஸ்அப்: நீங்கள் தொடங்கலாம், ஆனால் அனுமதியோடு, காசோடு

நான்கில் விதிகள் மிகுந்தது இதுதான். வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவில் வணிகக் கணக்கு, அதில் பதிவான தொலைபேசி எண், பிறகு கிளவுட் ஏபிஐ (மெட்டாவின் சர்வரோடு நம் நிரல் பேசும் வழி). சொந்த சர்வரில் நிறுவி ஓட்டிய பழைய ஏபிஐ 2025-இல் மூடப்பட்டுவிட்டது. டாக்கர் கொள்கலனை (அந்தப் பழைய ஏபிஐ ஓடிய மென்பொருள் பொதியை) நிறுவச் சொல்லும் வழிகாட்டி கண்ணில் பட்டால் அதைக் கடந்து போய்விடுங்கள்.

எல்லாம் 24 மணி நேரச் சாளரத்தைச் சுற்றியே இயங்குகிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் நீங்கள் விரும்பியதை எழுதலாம். அவர் மறுபடி எழுதினால் கடிகாரம் மறுபடி தொடங்கும். சாளரம் மூடியபின் மெட்டாவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் (செய்தி வார்ப்புரு) மட்டும்தான் போகும். விளம்பரம், பயன்பாட்டுத் தகவல், அடையாளச் சரிபார்ப்பு என்று அதில் மூன்று வகைகள். 2025 ஜூலை 1 முதல் டெம்ப்ளேட்டுக்கு உரையாடல் கணக்கில் அல்ல, செய்திக் கணக்கில் கட்டணம். பெறுபவரின் நாட்டு எண்ணைப் பொறுத்துத் தொகை மாறும். சாளரத்துக்குள் எழுதும் சாதாரணப் பதில்களுக்குக் கட்டணமில்லை, பயன்பாட்டு டெம்ப்ளேட்டும் சாளரத்துக்குள் இலவசம். விளம்பரத்துக்கும் அடையாளச் சரிபார்ப்புக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே வாடிக்கையாளரை முதலில் எழுத வைக்கும் வடிவமைப்பே பணத்தை மிச்சப்படுத்தும்.

டெம்ப்ளேட் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை: மாறியை (பெயர், ஆர்டர் எண் போல ஆளுக்கு ஆள் மாறும் இடத்தை) செய்தியின் முதலிலோ கடைசியிலோ வைப்பது, இரண்டு மாறிகளை ஒட்டிவைப்பது. இதைவிட வலிப்பது இன்னொன்று. ‘உங்கள் பொருள் புறப்பட்டது’ என்ற தகவலின் கீழே ‘அடுத்த முறை தள்ளுபடி உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தால் அது விளம்பர வகைக்கு மாற்றப்படும், கட்டணமும் கூடவே மாறும். ஒப்புதல் பெற்ற மாறிகளின் எண்ணிக்கையும் அனுப்பும் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் 132000 பிழை. சாளரம் மூடியபின் சாதாரணச் செய்தி அனுப்பினால் 131047.

இந்தக் கடைசிப் பிழை போன்றவற்றைப் பலர் பார்ப்பதேயில்லை, அதுதான் சிக்கல். அனுப்பும்போது வரும் 200 என்ற பதிலுக்கு ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டுமே பொருள். போய்ச் சேர்ந்ததா, படிக்கப்பட்டதா, தோற்றதா என்ற நிலை பின்னர் வெப்ஹூக்கில்தான் வரும். அதைப் பதிவு செய்யாத நிரலில் எல்லாமே வெற்றிதான், வாடிக்கையாளருக்கு மட்டும் ஒன்றும் வந்திருக்காது.

இன்னும் சில: சோதனைப் பக்கம் தரும் தற்காலிக டோக்கன் ஒரு நாளில் காலாவதியாகும். டெமோவில் ஓடியது மறுநாள் படுத்துவிட்டது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். வணிகக் கணக்கில் நிரலுக்கென்றே உருவாக்கும் சிஸ்டம் யூசர் டோக்கனுக்கு மாறுங்கள். பதில் பட்டன்கள் மூன்றுக்கு மேல் கிடையாது, ஒவ்வொன்றிலும் 20 எழுத்து. பட்டியலில் 10 வரிகள், வரிக்கு 24 எழுத்து. தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும் என்றே வைத்துக்கொண்டு சொற்களைச் சுருக்குங்கள். புதிய கணக்கு 24 மணி நேரத்தில் 250 பேருக்குத்தான் தானாக முன்வந்து அனுப்பலாம். பெறுபவர்கள் தடுக்கத் தொடங்கினால் தர மதிப்பீடு இறங்கும். வாட்ஸ்அப் வெப்பை இயக்கும் அதிகாரபூர்வமற்ற லைப்ரரிகள் இலவசம்தான், ஆனால் எண் முடக்கப்பட்டால் வணிகத்தின் முகவரியே போய்விடும்.

ஸ்லாக், டீம்ஸ்: நிர்வாகி கதவைத் திறக்க வேண்டும்

இவை இரண்டும் அலுவலக அரட்டைத் தளங்கள், ஊழியர்களுக்கானவை. விடுப்பு ஒப்புதல், சர்வர் எச்சரிக்கை, கையிருப்பு விசாரணை போன்றவை இங்கே பொருந்தும்.

ஸ்லாக்கில் நிறுவனத்தின் பணியிடத்தில் (வொர்க்ஸ்பேஸ்) நிறுவியதும் பாட் எந்த உறுப்பினருக்கும் தானே எழுதலாம். நம் நிரலே ஸ்லாக்கோடு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் சாக்கெட் மோட் இருப்பதால் வெளியுலகுக்கு முகவரி திறக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. கெடுபிடி நேரத்தில்தான்: நிகழ்வு வந்த 3 நொடிக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போக வேண்டும். தாமதித்தால் அதே நிகழ்வை மூன்று முறைவரை திரும்ப அனுப்பும், ஒரே விடுப்புக்கு நான்கு பதிவுகள் விழும். முதலில் ஒப்புகை, பிறகு வரிசையில் போட்டு வேலை. நிகழ்வின் அடையாள எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே வந்தது என்றால் ஒதுக்கிவிடுங்கள். வெப்ஹூக்கை நம்பும் எந்தத் தளத்துக்கும் இது பொருந்தும்.

டீம்ஸ் கட்டுவதற்கு அலுப்பானது. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஷூரில் பாட் பதிவு, மேனிஃபெஸ்ட்டும் (பாட்டின் விவரக் கோப்பு) இரண்டு ஐகான்களும் அடங்கிய ஜிப், பிறகு நிர்வாகியின் அனுமதி. கடைசியது தொழில்நுட்ப வேலையே அல்ல, ஆனால் நாட்களைத் தின்பது அதுதான். பாட் தானாகப் பேச, பயனரிடம் அது நிறுவப்பட்டபோது கிடைத்த உரையாடல் குறிப்பை (அந்த உரையாடலை மறுபடி அடைய உதவும் விவரங்களை) சேமித்து வைத்திருக்க வேண்டும். சேனலில் பெயர் சொல்லி அழைத்தால்தான் அதற்குக் காது கேட்கும், மற்றதைக் கேட்கத் தனி அனுமதி. மைக்ரோசாஃப்ட் கணக்கு ஏற்கெனவே எல்லோருக்கும் இருக்கும் நிறுவனத்தில் மட்டுமே இந்தச் சிரமம் தகும்.

எதை எடுப்பது?

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், நீங்களே நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்றால் வேறு வழியில்லை, கட்டணத்தை விலையில் சேர்த்துவிடுங்கள். நிறையக் கோப்புகளும் அறிவிப்புகளும் போக வேண்டும், பெறுபவர்கள் விரும்பி வருகிறவர்கள் என்றால் டெலிகிராம். கோப்பு அனுப்ப 50 எம்பி, வாங்க 20 எம்பி என்ற எல்லையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்கு என்றால், அவர்கள் நாள் முழுவதும் திறந்து வைத்திருப்பது எதுவோ அது.

எந்தத் தளமானாலும் மனிதரிடம் மாற்றிவிடும் வழியை முதல் பதிப்பிலேயே வையுங்கள். ‘ஆள் வேணும்’ என்று வந்ததும் அந்த உரையாடலில் பாட் வாயை மூட வேண்டும், ஊழியர் முடித்தபின்தான் மறுபடி திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் காத்திருப்பவர்களின் வரிசையைச் சாளரம் மூடும் நேரப்படி அடுக்குங்கள். வெள்ளி மாலை வந்த புகாரைத் திங்கள் காலை எடுத்தால், பதிலை எழுதுவதற்கு முன் ஒரு டெம்ப்ளேட் அனுப்பி அவர் மறுபடி எழுதக் காத்திருக்க வேண்டியிருக்கும்.